நீரை விடுத்து எண்ணெயைப் பருகும் பஞ்சு



வரலாறு என்றதும் முடிமன்னரும் போர்க்களமும் நம் மனக்கண்முன் தோன்றுவது இயல்பு. பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்று அவ்வரலாற்றைக் கற்பித்தவன் ஆதலின், அதன் பெருமையைக் குறைத்துக் கூற எனக்கு மனம் வராது. ஆயினும் இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. பலர் ஒன்றாக இறங்கிக் குளிக்கும் நீரின்மேல் படியும் எண்ணெய்ப் படலமும், அதனை அகற்ற மனிதன் செய்துவந்த முயற்சிகளுமே அப்பொருள். இக்காலத்து நீச்சற் குளங்களிலும் வெந்நீர்த் தொட்டிகளிலும் உள்ளங்கை அகலமுள்ள ஒரு பஞ்சுத் துண்டை மிதக்க விடுகிறார்கள். அது நீரைக் குடிப்பதில்லை. நீரின்மேல் உள்ள எண்ணெயை மட்டும் குடிக்கிறது. பாலையும் நீரையும் பிரித்துண்ணும் அன்னத்தைப் பற்றிக் கதைகளில் கேட்டிருக்கிறீர்கள். அந்த அன்னத்தைக் கண்டவர் ஒருவரும் இலர்; இந்தப் பஞ்சையோ கடையில் வாங்கலாம். ஆனால் இது கடைக்கு வந்து சேர்வதற்கு முன் நடந்த கதை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு நீளமுடையது.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பது நமக்குப் புதிதன்று. நல்லெண்ணெயைத் தலைமுதல் கால்வரை தேய்த்துச் சற்று ஊறவிட்டு, சிகைக்காயோ அரப்போ இட்டுத் தேய்த்து, செம்பு செம்பாக வெந்நீரை ஊற்றிக் கழுவிவிடுகிறோம். ஒருவர் மேனியிற் பட்ட நீர் மற்றொருவர் மேனிக்குச் செல்வதில்லை. அது கொல்லைப்புறத்து வாழைக்குப் போய்விடுகிறது. குடிநீர் எடுக்கும் ஊருணியில் எண்ணெய்த் தலையோடு ஒருவன் இறங்கினால் ஊரார் பொறுத்திருக்க மாட்டார்கள். ஆகவே எண்ணெயால் சங்கடம் இல்லை. எண்ணெய் பூசிய உடம்போடு ஒரே நீரில் நூற்றுவர் இறங்கும்போதுதான் சங்கடம் பிறக்கிறது. அந்தச் சங்கடத்தைப் பெரிய அளவில் அனுபவித்தவர்கள் ரோமானியர்.

அகஸ்டஸ் சீசரின் நண்பனும் படைத்தலைவனுமாகிய அக்ரிப்பா, ரோமாபுரியில் ஒரு பெரிய பொதுக் குளியல் மாளிகையைக் கட்டினான். அவன் கொணர்ந்த 'அக்குவா விர்கோ' என்னும் கால்வாய் கி.மு. 19-இல் நகருக்குள் நீரைக் கொண்டுவந்தது. பின்வந்த பேரரசர்கள் ஒருவரை ஒருவர் விஞ்சும் வகையில் இத்தகைய மாளிகைகளை எழுப்பினர். கி.பி. 216-இல் திறக்கப்பட்ட கரகல்லாவின் குளியல் மாளிகையில் ஒரே வேளையில் 1,600 பேர் குளிக்க இடம் இருந்தது எனப் பழைய ஆசிரியர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்.

ரோமானியர் குளியலுக்குச் சோப்பைப் பயன்படுத்தவில்லை. ஆலிவ் எண்ணெயே அவர்களுக்குச் சிகைக்காயின் வேலையைச் செய்தது. சிறு குப்பியில் கொண்டுவந்த எண்ணெயை உடலெங்கும் பூசிக்கொண்டு, மல்யுத்தமோ பந்தாட்டமோ ஆடி வியர்த்த பின்னர், 'ஸ்டிரிஜில்' என்னும் வளைந்த உலோகக் கருவியால் எண்ணெயையும் வியர்வையையும் புழுதியையும் ஒருசேர வழித்தெடுப்பார்கள். அருங்காட்சியகங்களில் இக்கருவி இன்றும் இருக்கிறது. பார்ப்பதற்குப் பிடி வைத்த, கூரற்ற சிறு அரிவாளைப் போன்றிருக்கும். வழித்து முடித்த பின்னரே வெந்நீர்த் தொட்டியிலும், இறுதியாகத் தண்ணீர்க் குளத்திலும் இறங்குவது முறை. இந்த வரிசையை நீங்கள் கவனிக்க வேண்டும். எண்ணெயை நீருக்குள் போகவிட்டுப் பின்னர் பிரிப்பதைக் காட்டிலும், நீருக்குள் போகுமுன்னரே உடம்பிலிருந்து எடுத்துவிடுவது எளிது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

வழித்தெடுத்த அழுக்கையும் அவர்கள் வீணாக்கவில்லை. கிரேக்கர் அதற்கு 'குளோயோஸ்' என்று பெயரிட்டு, வீக்கத்துக்கும் வலிக்கும் மருந்தாகப் பூசினர். உடற்பயிற்சிக் கூடங்களின் தலைவர்கள் அதனை 80,000 செஸ்டெர்ஸ் காசுக்கு விற்றதுண்டு என்று, கி.பி. 79-இல் மறைந்த மூத்த பிளினி தம் இயற்கை நூலில் குறித்திருக்கிறார். மல்லர்களின் அழுக்குக்கு அவ்வளவு விலை!

முதுகை வழிக்க மற்றொருவர் கை வேண்டும். செல்வர்க்கு அடிமைகள் இருந்தார்கள். பேரரசர் ஹேட்ரியனைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். பொதுமக்களோடு சேர்ந்து குளிக்கும் வழக்கமுடைய அவர், தம் படையில் பணியாற்றிய ஒரு முதியவர் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு காரணம் வினவினார். தேய்த்துவிட அடிமை இல்லை என்று விடை வந்தது. அரசர் அவருக்கு அடிமைகளையும் அவர்களைக் காப்பாற்றப் பொருளையும் அளித்தார். மறுமுறை அரசர் வந்தபோது சுவர் நெடுகிலும் கிழவர்கள் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றார்களாம்! 'நீங்கள் ஒருவருக்கொருவர் தேய்த்துவிட்டுக் கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். கதை மெய்யோ பொய்யோ, ரோமாபுரியில் தூய்மை என்பது துணைக்கு ஆள் இருந்தவனுக்கே எளிதாயிற்று என்பதை அது காட்டுகிறது.

எவ்வளவு வழித்தாலும் மிச்சம் எண்ணெய் நீருக்குள் போகத்தான் செய்தது. கால்வாயிலிருந்து புதுநீர் வந்துகொண்டிருந்ததேயன்றி, வடிகட்டும் பொறியோ கிருமி கொல்லும் மருந்தோ அக்காலத்தில் இல்லை. தத்துவ ஞானியாகிய பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ், குளியல் என்பதைப் பிரித்துப் பார்த்தால் எண்ணெயும் வியர்வையும் அழுக்கும் பிசுபிசுத்த நீருமாகவே எஞ்சுகிறது என்று அருவருப்போடு எழுதினார். உலகையே ஆண்டவர் குளித்த நீரின் நிலை அதுவாயின், ஏழைகள் குளித்த நீரைச் சொல்ல வேண்டுவதில்லை. மருத்துவ நூல் எழுதிய செல்சஸ், ஆறாத புண்ணுடையோர் குளியல் மாளிகைக்குச் செல்லுதல் ஆகாது என்று எச்சரித்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் பியர்ஸ் மிட்செல் 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். இத்தனை குளியல் மாளிகைகளும் கழிப்பிடங்களும் கட்டிய ரோமப் பேரரசில் குடற்புழு நோய்கள் குறைந்தமைக்குச் சான்று இல்லை என்பது அவருடைய முடிவு. அடிக்கடி மாற்றப்படாத வெதுவெதுப்பான குளியல் நீரும் அதற்கு ஒரு காரணமாகலாம் என்று அவர் கருதுகிறார். பளிங்கு மின்னியது, நீர் மின்னியதோ என்பது வேறு கேள்வி.

ரோமானியரின் குளியல் மாளிகையில் மற்றொரு பொருளும் இருந்தது, அது கடற்பஞ்சு. ஆங்கிலத்தில் ஸ்பாஞ்சு என்று வழங்குவது முதலில் இதனையே குறித்தது. பலரும் இதைச் செடி என்று எண்ணுவர். உண்மையில் இது கடலடிப் பாறையில் ஒட்டி வாழும் ஓர் எளிய விலங்கின் எலும்புக்கூடு போன்ற நார்ச்சட்டம். அந்நார் ஒருவகைப் புரதம். நீரை மிகவும் விரும்புவது. கிரேக்கத் தீவுகளில் மூச்சடக்கி மூழ்கி இதனை அறுத்து வருவோர் பண்டுதொட்டே இருந்தனர். 1900-ஆம் ஆண்டில் சீமித் தீவைச் சேர்ந்த இத்தகைய பஞ்சு மூழ்குநர்களே ஆன்டிகித்தரா என்னும் தீவருகே புதையுண்டு கிடந்த பழங்காலக் கப்பலைக் கண்டுபிடித்தார்கள். வான்கோள்களின் இயக்கத்தைக் கணக்கிடும் புகழ்பெற்ற பற்சக்கரப் பொறி கிடைத்தது அக்கப்பலிலிருந்துதான். அது நிற்க. மூழ்குநர் வாயில் எண்ணெயை அடக்கிச் சென்று கடலுக்குள் உமிழ்வர் என்றும், எண்ணெய் அலையைத் தணிப்பதால் அவர்களுக்கு வெளிச்சம் தெளிவாகக் கிடைக்கும் என்றும் பிளினி எழுதினார். இந்தச் சிறு குறிப்பை இளமையிலேயே படித்துவிட்டு மறவாமல் இருந்தவர் ஒருவர், பதினேழு நூற்றாண்டுக்குப் பின்னர் அதனைச் சோதித்துப் பார்த்தார். அவர் அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்க்ளின்.

1757-இல் பிராங்க்ளின் கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்றுகொண்டிருந்தார். உடன்வந்த கப்பற் கூட்டத்தில் இரண்டு கப்பல்களின் பின்னால் மட்டும் கடல் வழவழப்பாய் இருப்பதைக் கண்டு வியந்து தலைவனைக் கேட்டார். சமையற்காரர்கள் எண்ணெய்ப் பிசுக்கான பாத்திரம் கழுவிய நீரைக் கொட்டியிருப்பார்கள், இதுகூடத் தெரியாதா என்ற தோரணையில் அவன் விடையளித்தானாம். பின்னர் இலண்டனை அடுத்த கிளாப்பம் என்னும் ஊர்க் குளத்தில் காற்று வரும் கரையில் நின்று, பிராங்க்ளின் ஒரு தேக்கரண்டி அளவே எண்ணெயை ஊற்றினார். அது விரைந்து பரவி, ஏறத்தாழ அரை ஏக்கர் நீர்ப்பரப்பைக் கண்ணாடிபோல் ஆக்கிற்று. இதனை அவர் 1774-இல் இலண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் விவரித்தார்.

கணக்கில் விருப்பமுள்ள மாணவர்கள் இங்கே தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம். தேக்கரண்டி எண்ணெயை 4 மில்லிலிட்டர் எனவும், அரை ஏக்கரை 2,000 சதுர மீட்டர் எனவும் வைத்து வகுத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால், அவற்றுள் இரண்டு கூறே படலத்தின் தடிப்பு! அஃதாவது எண்ணெய், மூலக்கூறு அளவுக்கு மெலிந்து பரவுகிறது. பிராங்க்ளின் இவ்வகுத்தலைச் செய்யவில்லை, அளவிட்டவர்கள் பின்வந்தோர். அவர்களுள் நான் மிகவும் மதிப்பவர் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்த ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்னும் பெண்மணி. பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறவாத காலத்தில், வீட்டு வேலையும் பெற்றோர் பணிவிடையும் செய்துகொண்டே, சமையலறையில் ஒரு தகரத் தொட்டியை வைத்துப் பிசுக்கேறிய நீரின் மேற்பரப்பை ஆராய்ந்தார். அவர் எழுதிய கடிதத்தை ராலே பிரபு 1891-இல் 'நேச்சர்' இதழில் வெளியிடச் செய்தார். பாத்திரம் கழுவும் நீரிலிருந்து ஒரு விஞ்ஞானத் துறை தோன்றியது.

என் பள்ளியில் ஆண்டுதோறும் இதனை மாணவருக்குச் செய்துகாட்டுவது என் வழக்கம். அகன்ற தாம்பாளத்தில் நீர் நிரப்பி, அதன்மேல் முகத்துக்குப் பூசும் தூளை மெல்லத் தூவி, ஊசிமுனையில் தொட்ட எண்ணெயை நடுவே வைப்பேன். யாரோ விரட்டியதுபோல் தூள் நாற்புறமும் விலகி ஓடும். பின் வரிசை மாணவர்களும் எழுந்து நின்று பார்ப்பார்கள். ஊசிமுனை எண்ணெய் தாம்பாளத்தை ஆள்கிறது என்றால், தலைக்கெண்ணெய் பூசி இறங்கும் ஒருவர் குளத்தை என்ன செய்வார் என்று கேட்பேன்; விடையை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இனி மீண்டும் பொதுக் குளியலுக்கு வருவோம். தொழிற்சாலைப் புகையும் நெருக்கடியும் மலிந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், 1832-இல் லிவர்ப்பூல் நகரில் காலரா பரவியது. அங்கே கிட்டி வில்கின்சன் என்ற ஏழைப் பெண்மணி, தம் வீட்டு வெந்நீர்க் கொப்பரையை அண்டை வீட்டார் துணி வெளுக்கத் திறந்துவிட்டார். அவரது தொண்டின் பயனாக 1842-இல் அந்நகரில் பொதுச் சலவை, குளியல் நிலையம் ஒன்று ஏற்பட்டது. 1846-இல் பாராளுமன்றம், பொதுக் குளியல் நிலையங்களை நகராட்சிகள் கட்டுவதற்கு வகைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. நாடெங்கும் நீச்சற் குளங்கள் தோன்றின.

அக்குளங்களில் நீரைத் தூய்மை செய்யும் முறை ஒன்றே: நிரப்புவது, கொட்டுவது. வாரத்துக்கு ஓரிரு முறை குளத்தைக் காலிசெய்து புதுநீர் நிரப்புவார்கள். முதல்நாள் நீர் பளபளக்கும். நாட்கள் செல்லச் செல்லக் கலங்கும். சுவர் விளிம்பில் கையால் வழிக்கத்தக்க பிசுக்குக் கோடு படியும். எனவே நீர் புதிதாயிருக்கும் நாளில் கட்டணம் அதிகம். கலங்கிய நாளில் குறைவு. சில இடங்களில் முதல் வகுப்புக் குளத்தில் பயன்பட்ட நீரே இரண்டாம் வகுப்புக் குளத்துக்குப் போயிற்று. பணமுள்ளவனுடைய எண்ணெயைப் பணமில்லாதவன் தன் மேனியிற் பூசிக்கொண்டான் என்று சொன்னால் மிகையாகாது.

கொட்டி நிரப்பும் இம்முறை, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இன்னும் கொடிய வடிவம் எடுத்தது. கலிபோர்னியாவில் பாசடீனா நகரின் புரூக்சைடு பூங்காவில் 1914-இல் ஒரு நீச்சற் குளம் திறக்கப்பட்டது. கறுப்பு நிறத்தாரும் மெக்சிகோ, ஆசிய மரபினரும் அதில் வாரத்துக்கு ஒருநாள் மட்டுமே இறங்கலாம். அந்த நாள் முடிந்ததும் குளத்து நீர் முழுவதையும் வடித்து, கழுவி, வெள்ளையருக்காகப் புதுநீர் நிரப்பினார்கள். வழக்கு மன்றத்தில் நெடுநாள் போராடிய பின்னர், 1940-களின் பிற்பகுதியிலேயே அது எல்லாருக்கும் திறந்தது. நம் நாட்டவர் இதைக் கேட்டு வெள்ளையரை மட்டும் ஏசிவிட்டுப் போக முடியாது. 1927 மார்ச் 20-ஆம் நாள் பம்பாய் மாகாணத்து மகாட் என்னும் ஊரில், டாக்டர் அம்பேத்கர் தலைமையில் தாழ்த்தப்பட்ட மக்கள் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தார்கள். பின்னர் மேற்சாதியார் அக்குளத்தை, தயிரும் பாலும் சாணமும் கோமூத்திரமும் குடங்குடமாக ஊற்றித் 'தூய்மை' செய்தார்கள். தெளிந்த நீரில் அழுக்கைக் கொட்டிவிட்டு அதற்குத் தூய்மை என்று பெயரிட்ட விந்தையை என்னென்பது! தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் எந்நிறத்தாருக்கும் எச்சாதியாருக்கும் ஒரே வகையான எண்ணெயையே சுரக்கின்றன. தூளும் ஊசியும் வைத்துக்கொண்டு நான் காட்டிய சோதனையில், எண்ணெய் யாருடையது என்று தாம்பாளத்து நீர் கேட்டதில்லை.

கொட்டி நிரப்பும் முறைக்கு முடிவுகட்டியவை இரண்டு. ஒன்று, குளத்து நீரைப் பொறியால் இறைத்து மணற்படுகை வழியே வடித்து மீண்டும் குளத்துக்கே அனுப்பும் முறை. மற்றொன்று குளோரின். 1910-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஜான் பங்கர் என்னும் ஆராய்ச்சி மாணவர், 70,000 காலன் கொண்ட நீச்சற் குளத்தில் வெளுப்புத் தூளின் இனத்தைச் சேர்ந்த குளோரின் மருந்தை இட்டு, கிருமிகள் ஒடுங்குவதைக் காட்டினார். அதன் பின்னர் ஒரே நீரை மாதக்கணக்கில் வைத்துக்கொள்ள முடிந்தது.

ஆனால் இவ்விரண்டுக்கும் எண்ணெய் எளிதில் அடங்குவதாயில்லை. மணற்படுகையில் எண்ணெய் படிந்தால் மணல் கட்டிபட்டு நீர் ஒழுங்காக ஊடுருவாது. குளோரினின் ஒரு பகுதி, கிருமியைக் கொல்லுமுன் உடம்பிலிருந்து வந்த வியர்வை முதலியவற்றோடு வினைபுரிவதிலேயே செலவாகிவிடுகிறது. நீச்சற் குளத்தருகே மூக்கைத் துளைக்கும் நெடியைக் குளோரின் நிறைய இருப்பதற்கு அடையாளம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் பொருள்களோடு குளோரின் கூடிப் பிறக்கும் குளோரமின் என்னும் பொருளின் நெடியே அது. 1930-களின் நடுவில் பிரான்சு நாட்டில் ஆம்பர் சோலேர் என்ற வெயில் காப்புத் தைலம் விற்பனைக்கு வந்தது. அதன்பின் தைலம் பூசிக்கொண்டு நீரில் இறங்குவதும் நாகரிகமாகிவிட்டது. மேற்பரப்பு நீரை மட்டும் உள்ளிழுக்கும் 'ஸ்கிம்மர்' என்ற வாய்களைக் குளத்துச் சுவரில் அமைத்தார்கள். சருகும் பூச்சியும் அதன் கூடையில் சிக்கின. எண்ணெய் கூடையைக் கடந்து வடிகட்டிக்கே போயிற்று.

வெந்நீர்த் தொட்டி வந்தபோது சிக்கல் பன்மடங்காயிற்று. இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவில் குடியேறிய ஜக்கூசி சகோதரர்கள் நீரிறைக்கும் பொறிகள் செய்துவந்தனர். அவர்களுள் கேண்டிடோ என்பவரின் மகன் சிறுவயதிலேயே மூட்டுவாத நோயால் துன்புற்றான். அவனுக்காகத் தொட்டி நீரைச் சுழற்றிப் பாய்ச்சும் ஒரு பொறியை அவர் அமைத்தார். 1956-இல் அது விற்பனைக்கு வந்தது. அக்குடும்பத்தின் பிந்திய தலைமுறையினரான ராய் ஜக்கூசி 1968-இல் பொறியும் தொட்டியும் ஒன்றாய் இணைந்த குளியல் தொட்டியைச் செய்தார். அதற்கு வைத்த பெயரிலும் ரோமாபுரியே இருந்தது! பெயரை எடுத்துக்கொண்டவர்கள் வழிக்கும் கருவியை எடுத்துக்கொள்ளவில்லை.

மறுபடியும் சிறிது கணக்கு. ஒலிம்பிக் நீச்சற் குளம் 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் உடையது என்று வைத்துக்கொள்வோம். 25 லட்சம் லிட்டர் நீர் கொள்ளும். வெந்நீர்த் தொட்டி ஒன்றில் 1,500 லிட்டர் நீரும் நால்வரும் இருப்பதாகக் கொள்வோம். ஆளுக்கு 375 லிட்டர். அதே நெருக்கத்தை ஒலிம்பிக் குளத்தில் காண வேண்டுமாயின் அதில் 6,600 பேருக்கு மேல் இறங்க வேண்டும்! போதாததற்கு, நீர் உடற்சூட்டை ஒட்டியோ அதற்குச் சற்று மேலோ இருக்கிறது, வியர்வை பெருகுகிறது, சூட்டினால் குளோரினும் விரைவில் குறைகிறது. காற்றைச் செலுத்திக் கடையும்போது, தைலமும் சோப்பும் கலந்த நீர் நுரைத்துப் பொங்குகிறது. குழாய்களின் உட்சுவரில் வழவழப்பான படிவு உண்டாகி, அது கிருமிகளுக்கு வீடாகிறது. 1999-இல் நெதர்லாந்து நாட்டின் போவன்கார்ஸ்பெல் ஊரில் நடைபெற்ற மலர்க் கண்காட்சியில், காட்சிக்காக வைத்த வெந்நீர்த் தொட்டியின் நீர்த்திவலைகள் காற்றில் கலந்து, லெஜியனேர் என்னும் நுரையீரல் நோயைப் பரப்பின. அதில் யாரும் குளிக்கவில்லை. அருகே நடந்து சென்றவர்களே நோயுற்றார்கள். இறந்தோர் சுமார் 30 பேர். அக்கேட்டைச் செய்தது கிருமி, எண்ணெயன்று. ஆயினும் வெந்நீர்த் தொட்டியின் தூய்மை விளையாட்டுக் காரியம் அன்று என்பதற்காக இதனைச் சொன்னேன்.

இங்கேதான் நம் பஞ்சு வருகிறது. அதன் பிறப்பிடம் குளமன்று, கடல். 1967 மார்ச் 18-ஆம் நாள் 'டோரி கேன்யன்' என்னும் எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரைக்கு அப்பால் பாறையில் மோதி, ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கச்சா எண்ணெய் கடலிற் கலந்தது. எண்ணெயைக் கரைக்கச் சலவை மருந்துகளைத் தெளித்தார்கள். எண்ணெயைவிட அம்மருந்தே கடற்கரை உயிர்களை மிகுதியாகக் கொன்றது. 1969-இல் கலிபோர்னியாவின் சான்டா பார்பரா கடலில் எண்ணெய்க் கிணறு வெடித்துக் கசிந்தபோது வைக்கோலைப் பரப்பி உறிஞ்ச முயன்றார்கள். வைக்கோல் எண்ணெயைக் குடித்தது, நீரையும் குடித்தது. கடற்பஞ்சுக்கும் அதே குறை. நீரை ஒதுக்கி எண்ணெயை மட்டும் ஏற்கும் பொருள் வேண்டியிருந்தது.

அப்பொருளுக்கு வேண்டிய மூலப் பண்டங்கள் அதற்கு முன்னரே ஆய்வுக் கூடங்களில் தோன்றியிருந்தன. 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் பாலியூரித்தேன் என்ற பொருளைக் கண்டார்; நம் மெத்தைகளில் உள்ள நுரைப்பஞ்சு அதிலிருந்து வந்தது. 1954-இல் இத்தாலியில் ஜூலியோ நாட்டா பாலிபுரோப்பிலீனை உருவாக்கினார். தாமரை இலைமேலும் சேம்பிலைமேலும் நீர்த்துளி உருண்டோடக் கண்டிருக்கிறீர்கள். நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றுவன; பாலிபுரோப்பிலீன் போன்ற பரப்பில் அவற்றுக்குப் பற்றுக்கோடு இல்லாமையால் துளியாகத் திரண்டு விலகுகின்றன. எண்ணெய்க்கோ அப்பரப்பு உறவு. தொட்ட இடமெல்லாம் படர்கிறது. அத்தகைய பிளாஸ்டிக்கை மயிரினும் மெல்லிய நாராக்கி அடைத்தால், நாரிடையே உள்ள நுண்ணிய வழிகளில் எண்ணெய் ஏறுகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இப்படித்தான். ஆகவே இந்தப் பஞ்சு நீரில் எவ்வளவு நேரம் கிடந்தாலும் நீரை ஏற்காமல், தன்னைத் தொட்டுச் செல்லும் எண்ணெய்க்கு மட்டும் இடம் கொடுத்து மிதக்கிறது. கடலில் பாய் பாயாகப் பயன்பட்ட இதனையே சிறு துண்டாக்கிக் குளத்தின் ஸ்கிம்மர் கூடையிலும் வெந்நீர்த் தொட்டியிலும் இட்டார்கள். இதற்கும் காசு செலவிட விரும்பாத வீட்டார் பழைய டென்னிஸ் பந்தை மிதக்க விடுகிறார்கள்; அதன்மேல் உள்ள மயிரடர்ந்த துணி ஓரளவு எண்ணெயைப் பற்றுகிறது. உரிய பஞ்சுக்கு அது ஈடாகாது என்றாலும், யோசனை மெச்சத்தக்கதே.

விற்போர் சொல்வதையெல்லாம் அப்படியே நம்புதல் வேண்டா. இப்பஞ்சு கிருமியைக் கொல்லாது. கரைந்துவிட்ட வியர்வையையும் சிறுநீரையும் தொடாது. நீரின்மேல் மிதந்து வரும் எண்ணெயே அதன் இரை. உடம்பிலும் குளியல் உடையிலும் சோப்பு மிகுந்திருந்தால், சோப்பு எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக உடைத்து நீருக்குள் கலந்துவிடும். பின்னர் பஞ்சின்மேல் பழி சொல்லிப் பயனில்லை. நீரில் இறங்குமுன் ஒரு நிமிடம் குழாயடியில் நின்று நன்றாக உடம்பை அலசினால், குளத்துக்குப் போகவிருந்த அழுக்கின் பெரும்பகுதி அங்கேயே போய்விடுகிறது. ரோமானியர் உலோகத்தால் செய்ததை இன்று ஷவர் செய்கிறது. அதனைச் செய்தோர் குளத்தில் பஞ்சுக்கு வேலை குறைவு. செய்யாதோர் குளத்தில் பஞ்சு சில நாளிலேயே நிறைந்துவிடுகிறது.

நிறைந்த பஞ்சை என்ன செய்வது என்பது இன்னும் முடியாத வேலை. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தார் 2017-இல், நுரைப்பஞ்சின் உள்ளறைகளில் எண்ணெயைக் கவரும் மூலக்கூறுகளைப் பூசி, தன் எடையைப் போல் 90 மடங்குவரை எண்ணெய் ஏற்கும் பஞ்சொன்றைச் செய்துகாட்டினார்கள். அதனைப் பிழிந்து எண்ணெயை மீட்கலாம். பஞ்சை மீண்டும் நீரில் இடலாம். ஆனால் அது கடலுக்காகச் செய்தது. குளத்துப் பஞ்சுகளுள் பெரும்பாலானவை ஒருமுறை நிறைந்ததும் குப்பைக்கே போகின்றன. அவை மட்காத பிளாஸ்டிக். சில வகைகளைக் கையால் பிழிந்து, சலவைத் தூளிட்டு அலசி, உலர்த்தி, இரண்டு மூன்று முறை பயன்படுத்துவோரும் உண்டு. அலசிய சோப்பு நன்றாகப் போகாமல் மீண்டும் தொட்டியில் இட்டால் நுரை பொங்கும் என்பதால், பலமுறை வெறும் நீரில் அலசிய பின்னரே இடுகிறார்கள். வெண்மையாய் இருந்த துண்டு பழுப்பேறிக் கனத்து, நீரில் தாழ மிதக்கத் தொடங்கும்போது அதனை எடுத்துவிட்டு வேறொன்றை மிதக்க விடுகிறார்கள்.